நிற்கிற விரல், நடக்கிற விரல்

அந்த அக்காவோடு கத்தரிக்காய் வாங்கப் போகக்கூடாது. விருத்தாசலம் கடைவீதியில் அவர் குந்திப் பொறுக்க ஆரம்பித்தால், கடைக்காரம்மா நான்கு பேருக்கு எடை போட்டு அனுப்பி, ஒரு வெற்றிலையும் மென்று துப்பியிருப்பாள். அக்கா அப்போதுதான் இரண்டாவது காயில் இருப்பார். இடது கையில் ஒரு காயைப் பிடித்துக்கொள்வார். வலது கையால் குவியலில் மிச்சமிருக்கும் காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அத்தனையும் பார்த்த பிறகுதான் இடது கைக் காய் கூடைக்குள் போகும், அல்லது ஓரமாகப் போகும். பிறகு அடுத்த காய் இடது கைக்கு ஏறும்.

"பொண்ணு பாக்க வரவங்ககூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்க தாயி. வாங்கறது கால் கிலோ" என்பாள் கடைக்காரம்மா.

"ஒண்ண மட்டும் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ரெண்டப் பக்கத்துல வச்சாதான் கோணல் தெரியும்" என்பார் அக்கா. அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று முறையாவது இது வரும். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது. இப்போது கத்தரிக்காய் வாங்கும்போதெல்லாம் என் இடது கையில் ஒரு காய் சும்மா நின்றுகொண்டிருக்கிறது.

விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். நான் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து பாடம் எடுப்பேன். அவர் சென்டருக்கு வருகிற கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் டைப் அடிப்பார். என்னிடம் ஒரு டிப்ளமோவும் ஊர்ப்பட்ட திமிரும் இருந்தன. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் அவர். "தம்பின்னே கூப்புடுங்கக்கா" என்று முதல் வாரமே சொன்னேன். காதில் விழாதது போல் இருந்துவிட்டார். கடைசி நாள் வரை "சார்"தான்.

அவர் கண்ணில் படாமல் எந்தப் பத்திரிகையும் அச்சுக்குப் போகாது. ஒருமுறை முன்பக்கம் முகூர்த்தம் புதன்கிழமை, பின்பக்கம் அதே தேதிக்கு வரவேற்பு வியாழக்கிழமை. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, எங்கள் முதலாளி, நான் என எல்லோரும் பார்த்துத் தலையாட்டிய பத்திரிகை அது. அக்கா ஒவ்வொரு வரியையும் அதற்குக் கீழே உள்ள எல்லா வரிகளோடும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "மேல இருக்கறதுக்கும் கீழ இருக்கறதுக்கும் ஆவல சார்" என்று என்னிடம் நீட்டினார். மாமியார் மருமகள் சண்டையைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

இந்தப் பழக்கம் அவருக்குப் பீங்கான் பட்டறையில் வந்தது. எங்கள் ஊர்ப் பீங்கான் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பொம்மையும் ஜாடியும்தான் நினைவு வரும். வீட்டு மீட்டர் பலகையில் இருக்கிற வெள்ளைப் பியூஸ் கட்டையும் இந்தச் சூளைகளில் வெந்ததுதான். அதில் அடிக்கட்டை தனி, மேல்கட்டை தனி. ஒரே அச்சில் அடித்தாலும் சூளையில் ஒன்று கொஞ்சம் கூடச் சுருங்கும், ஒன்று குறையச் சுருங்கும். அதனால் ஒரு அடிக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, எதிரே வரிசையாக இருக்கும் மேல்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். இறுக்கமும் கூடாது, ஆட்டமும் கூடாது. சரியாக உட்காருகிற ஒன்றைக் கண்டுபிடித்து, இரண்டையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட வேண்டும். பல பேர் ஜோடி சேர்ப்பார்கள். சேர்த்ததைச் சரிபார்ப்பது அக்காவின் வேலை.

அவருடைய தம்பியும் அங்கேதான் ஜோடி சேர்த்தான். இருபத்து நான்கு வயது. கை வேகம், புத்தி வேறெங்கோ. எண்ணிக்கை முடிந்தால் சினிமாவுக்குப் போகலாம் என்று கைக்கு வந்ததை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுத் தள்ளியிருக்கிறான். ஒரு பெட்டி முழுக்கச் சேராத ஜோடி. அக்கா அதை எடுத்துக்கொண்டு நேரே பட்டறை முதலாளியிடம் போய், எல்லோரும் இருக்கும்போது, "இது என் தம்பி போட்டது, ஒண்ணும் சேரல" என்று சொன்னார். அன்றைக்கே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலை பச்சைக் கட்டம் போட்ட சட்டையோடு ஜங்ஷனுக்குப் போய்த் திருச்சி பாசஞ்சரில் ஏறினான் என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு அவனைப் பார்த்ததாகச் சொல்ல யாரும் இல்லை.

"ஆட்டம் இருந்தா தீப்பொறி வரும் சார். யாரு வூட்லயாவது புடிச்சிக்கும். நான் சொன்னது தப்பா?" என்று ஒருநாள் டைப் அடித்துக்கொண்டே கேட்டார்.

"தப்பில்லக்கா."

"தப்பில்லதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவர் கேட்டது அதை இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

அவன் போனதும் அவர் பட்டறையை விட்டார், டைப் அடிக்கக் கற்றுக்கொண்டார். சென்டரில் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் ஒரு ஃபைலைத் திறந்துவைத்து அடித்துக்கொண்டே இருப்பார். செய்தித்தாளில் காவல்துறை போடுகிற சின்னச் சின்ன அறிவிப்புகள். 'காணவில்லை' ஒரு வகை. 'அடையாளம் தெரியாத பிணம்' இன்னொரு வகை. ஒரு ஆளுக்கு ஒரு வரி. தேதி, ஆணா பெண்ணா, வயது, உயரம், உடை, மச்சம், தழும்பு, பச்சை குத்தியது. பழைய பேப்பர் கடைக்காரர் அவருக்காகக் கட்டுக் கட்டாக எடுத்துவைப்பார். பல ஊர்ப் பதிப்புகள். தேதி வரிசை மாறாது. முதல் வரி அவர் தம்பியுடையது, 'இடது புருவத்தில் தழும்பு, பச்சைக் கட்டம் போட்ட சட்டை'. அவன் போன நாளிலிருந்துதான் அந்த ஃபைலே தொடங்கியது. நான் பார்க்கும்போது இருபதாயிரம் வரிகளைத் தாண்டியிருந்தது.

அதைப் பிரின்ட் எடுத்துக் கையாலேயே தேடிக்கொண்டிருந்தார். இடது ஆள்காட்டி விரல் ஒரு வரியில் நிற்கும். வலது விரல் அதற்குக் கீழே இருக்கும் வரிகளில் ஒவ்வொன்றாக இறங்கும். மேலே மட்டும் போகாது. "காணாமப் போறதுக்கு முன்னாடியே செத்திருக்க முடியாது இல்ல சார்?" வலது விரல் கடைசி வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வரும். இடது விரல் ஒரு வரி இறங்கும். மறுபடியும் வலது விரல் நடக்கும்.

"உங்க தம்பி வரி ஒண்ணுதானேக்கா? அத மட்டும் பாத்தா ஒரு நாள்ல முடிஞ்சிடுமே. ஊருக்கெல்லாம் எதுக்குப் பாக்கறீங்க?"

"அவன மட்டும் தேடுனா என் கண்ணு பொய் சொல்லும் சார். எந்தப் பொணத்தப் பாத்தாலும் அவன் மாதிரியே இருக்கும். இல்லன்னா எதப் பாத்தாலும் அவன் இல்லன்னு தோணும். எல்லாரோட வரியையும் ஒரே மாதிரி பாத்தாதான் அவனோட வரியையும் நேர்மையாப் பாப்பேன்."

அவர்கள் கிறிஸ்தவர்கள். வீட்டில் அம்மா மட்டும், படுத்த படுக்கை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அந்தோனியார் என்று அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுவத்தி ஏற்றச் சொல்லும். நான் ஒருமுறை போயிருந்தபோது அந்தம்மா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டியது. மகனுக்காக ஒரு பூசை வைக்கக் காணிக்கை எடுத்துவைத்திருந்தது. கோயிலில் பூசைக் கருத்து எழுதுகிற நோட்டில் இரண்டு விதமாக எழுதலாம். உயிரோடு இருப்பவருக்கு உடல் சுகம் வேண்டி என்று எழுதுவார்கள். இல்லாதவருக்கு ஆன்மா இளைப்பாற என்று எழுதுவார்கள்.

"எதுன்னு எழுதறது தம்பி? நான் போறதுக்குள்ள ஒரு பூசை வச்சிட்டுப் போவணும். இவ எதுக்கும் ஒத்துக்க மாட்டேங்கறா. தேடிச் சொல்றேன், தேடிச் சொல்றேங்கறா. அந்தோனியாரும் தேடறாரு, இவளும் தேடறா, ரெண்டு பேருக்கும் கெடைக்கல."

"பாக்காம எப்படிம்மா எழுதறது?" என்றார் அக்கா.

அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு வீரம் வந்தது. ஏதோ ஒரு பத்திரிகையோடு வந்த சிடியில் பைத்தான் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி கிடைத்து, அதைக் கொஞ்சம் நோண்டி வைத்திருந்தேன். "பாம்பையெல்லாம் சென்டருக்குள்ள வுடாத" என்று முதலாளி கிண்டல் செய்வார். அந்த விரல் இரண்டும் செய்கிற வேலையை இரண்டு லூப்பில், அதாவது திரும்பத் திரும்பச் சுற்றுகிற இரண்டு கட்டளைகளில், எழுதிவிடலாமே? வெளி லூப் ஒரு வரியை எடுக்கும். உள் லூப் அதற்குப் பின்னால் வரும் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து வயது, உயரம், தழும்பு, உடை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். பொருந்தினால் திரையில் போடும். பத்து வரிகூட இல்லை. எழுதி முடித்து மறுநாள் காலை ஓட்டிக் காட்டினேன். ஐந்து விநாடியில் முடிந்தது. திரை காலியாக இருந்தது.

"ஒண்ணும் பொருந்தலக்கா."

"முடிஞ்சிடுச்சா?" அக்கா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "நான் மூணு மாசமாப் பாத்து நாப்பதாவது வரிலதான் நிக்கறேன். இதுக்குள்ளயா சார்?"

"கம்ப்யூட்டருன்னா பின்ன என்னாக்கா?" என்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு வார்த்தை நம்பாத மனுஷி, படித்தவன் சொல்கிறான் என்று என்னை நம்பினார். விரல்களை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் புது வரிகளைச் சேர்ப்பார், ஓட்டுவார். ஐந்து விநாடி. காலித் திரை.

இப்படி ஒரு அக்கா தேடுகிறார் என்று எப்படியோ பரவி, ஆட்கள் மாடி ஏறி வர ஆரம்பித்தார்கள். பெண்ணாடத்திலிருந்து ஒரு கரும்புக்காரர் மாதாமாதம் வருவார். மறதி வந்த அவருடைய அப்பா ஒருநாள் வாசலைத் தாண்டிப் போனவர்தான். வலது முன்கையில் வேல் பச்சை குத்தியிருக்கும் என்பார். அந்த வரியும் ஃபைலில் இருந்தது.

"அமாவாசை வந்தாலே வூட்ல தகராறும்மா" என்பார் அக்காவிடம். "அவருக்கு சோறு எடுத்து வைக்கறதா, படைக்கறதா? பொண்டாட்டி படைக்கச் சொல்றா. இருக்கற மனுஷனுக்கு எப்படிப் படைக்கறது?"

"இதுல ஒண்ணும் பொருந்தலைங்க" என்று நான் சொல்வேன். அவர் முகம் தெளிந்துவிடும். கீழே போய் எங்கள் இருவருக்கும் டீ சொல்லி அனுப்பிவிட்டுப் போவார். எட்டு மாதம் அப்படி டீ குடித்தோம்.

ஒருநாள் மத்தியானம் அக்கா டைப் அடிப்பதை நிறுத்தினார். "சார், இந்தப் பொணத்துக்கு வலது கையில ஆறு வெரலுன்னு போட்டிருக்குது. ஆடி மாசம் ஆறு வெரலுள்ள பொம்பள ஒண்ணு காணாமப் போயிருந்துது. நான்தான் அடிச்சேன்." ஓட்டினார். காலித் திரை.

"அடிக்கறப்ப எதுனா வுட்டிருப்பீங்கக்கா."

"நான் பாத்துட்டேன் சார். ரெண்டும் சரியாத்தான் இருக்குது. நீங்க உங்களுதப் பாருங்க."

பார்த்தேன். பத்து வரி புரோகிராமைப் பார்க்க ஒரு மத்தியானம் முழுக்கத் தேவைப்பட்டது. பிறகுதான் புரிந்தது. ஃபைலைப் படிக்கும்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதற்கு ஒரே ஒரு குறிதான் உண்டு. அக்காவிடம் இரண்டு விரல்கள் இருந்தன. நான் நிற்கிற விரலையும் நடக்கிற விரலையும் ஒன்றாகவே வைத்துவிட்டேன். வெளி லூப் முதல் வரியை எடுத்தது. உள் லூப் இரண்டாவது வரியிலிருந்து கடைசி வரி வரை நடந்தது. திரும்பி வந்து வெளி லூப் அடுத்த வரியைக் கேட்டபோது, ஃபைல் தீர்ந்துபோயிருந்தது. அதோடு முடிந்தது என்று நின்றுவிட்டது. எட்டு மாதமாக அந்தப் புரோகிராம் முதல் வரியை மட்டும் தேடியிருக்கிறது. அதாவது அக்காவின் தம்பியை மட்டும். மற்ற எவரையும் அது ஒரு தடவைகூடத் தேடவில்லை.

சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அவன மட்டுமா தேடுச்சு?" என்றார். திரையைப் பார்த்துக்கொண்டே, "எது வேணாம்னு இருந்தேனோ அதுவே நடந்திருக்குது பாருங்க" என்றார்.

திருத்தி எழுதினேன். ஒவ்வொரு வரியையும் படித்ததும் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசி வரை போய்விட்டுக் குறித்த இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "சும்மா காலியா வுடக்கூடாது சார். ஒவ்வொரு வரிக்கும் அது பதில் சொல்லணும். இருந்தா இருக்குது, இல்லன்னா இல்லை" என்றார். அதையும் சேர்த்தேன். காணாமல் போன ஒவ்வொருவருக்கும் அக்கா ஃபைலில் போட்டிருந்த வரி எண்ணும், பொருந்துகிற பிணம் உண்டா என்ற பதிலும் திரையில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டினோம். இந்த முறை ஐந்து விநாடியில் முடியவில்லை. பூசைக்குப் போய்விட்டு, அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு அக்கா திரும்பி வந்தபோதும் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. சாயங்காலம் முடிந்தது. முதல் வரிக்கு 'இல்லை'. அது மாறவில்லை. மற்றவர்களில் பதினோரு பேருக்கு 'இருக்குது'. ஆறு விரல் பெண்ணும் அதில் ஒருத்தி. வேல் பச்சை குத்திய கிழவரும் ஒருவர். அவர் வீட்டை விட்டுப் போன நான்காம் நாளே தண்டவாளத்து ஓரம் கிடந்திருக்கிறார்.

அந்த மாதம் பெண்ணாடத்துக்காரர் வந்தபோது நான் டாய்லெட்டுக்குள் போய் நின்றுகொள்ளலாமா என்று யோசித்தேன். அக்கா அவரை உட்காரவைத்து, இரண்டு அறிவிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவர் பச்சை குத்திய விவரத்தில் விரலை வைத்துக்கொண்டு அழுதார். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ இருக்கும், போய்ப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்று அக்கா சொன்னார். அதோடு விட்டிருக்கலாம்.

"எட்டு மாசமா இதுலயேதான் இருந்துதுங்க. நாங்க சரியாப் பாக்கல" என்றார்.

'நாங்க' என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "எட்டு மாசமும் நல்லாத்தாம்மா இருந்தேன். அப்பா எங்கியோ எவன் வூட்லயோ சோறு துன்னுக்கிட்டு இருக்காருன்னு இருந்தேன்" என்றார். அன்றைக்கும் கீழே போய் டீ சொல்லி அனுப்பினார். நான் குடிக்கவில்லை. அக்கா குடித்தார். அடுத்த மாதம் வெல்லம் கொண்டுவந்து கொடுத்து, அமாவாசைக்குப் படைத்துவிட்டேன் என்று சொல்லிப் போனார். அவர் படி இறங்குவதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையில் இருந்தது பொறாமைதான், வேறொன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. காலையில் வந்ததும் கூட்டுவதற்கு முன், செருப்பைக்கூடக் கழற்றாமல், புரோகிராமை ஓட்டிவிட்டு எதிரே நிற்பார். முதல் வரிக்குப் பதில் வர அந்த ஐந்து விநாடி ஆகும். 'ஒன்று, இல்லை' என்று வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுப்பார். மற்றவர்களின் வரிகள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் நின்ற இடத்திலிருந்து தொடங்கும்படி செய்து கொடுத்திருந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்தே ஓட்டுவார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. இந்த ஃபைல்ல காணாமப் போனவங்க இருக்காங்க, செத்தவங்க இருக்காங்க. உயிரோட எங்கியோ இருக்கறவங்களுக்குன்னு இதுல ஒரு வரியும் கெடையாது. அவன் இருந்தான்னா இது கடைசி வரைக்கும் இல்லைன்னுதான் சொல்லும். இன்னும் எத்தன வருஷம் ஓட்டுனாலும் அவன் இருக்கான்னு சொல்லாது."

"தெரியும் சார்" என்றார் அமைதியாக. "அதனாலதான் தெனம் ஓட்டறேன். இல்லைன்னு வந்தா அன்னிக்கு ஒரு நாளு அவன் இருக்கான். நாளையக் கதைய நாளைக்குப் பாத்துக்கலாம்."



அம்மா இரண்டாயிரத்து எட்டில் ஒரு விடியற்காலையில் போய்விட்டது. கவர் தலையணைக்கு அடியில் அப்படியே இருந்தது. இரண்டு பூசையில் எதுவும் எழுதவில்லை. அக்கா அழுவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்து, கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தை எல்லாப் பதிப்பிலும் வருகிற மாதிரி கொடுக்கச் சொன்னார். அடியில் ஒரு வரி சேர்த்தார். 'தம்பி, எங்கிருந்தாலும் வரவும். இன்று மாலை வரை வைத்திருப்போம்.' நானே டைப் அடித்தேன். மறுநாள் அது பேப்பரில் வந்தது. ஐஸ் பெட்டியில் அம்மாவை வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பங்குச் சாமியார் மூன்று மணிக்கே வந்துவிட்டார். கோயில்பிள்ளை, அதாவது கோயில் காரியம் பார்க்கிறவர், இரண்டு முறை வந்து நேரமாகிறது என்றார்.

"திருச்சி பாசஞ்சரு வந்துடட்டுங்க" என்றார் அக்கா.

என்னை ஜங்ஷனுக்கு அனுப்பினார். வண்டி வந்தது. நான் பிளாட்பாரத்தில் நின்று இறங்குகிற ஆண்களின் இடது புருவத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவனை எனக்குத் தெரியாது. ஒரு வரியாக மட்டும்தான் தெரியும். எல்லோரும் இறங்கிப் போன பிறகும் பெட்டி பெட்டியாக நடந்து பார்த்தேன். திரும்பி வந்தபோது அக்கா வாசலில் நின்றிருந்தார். என் பின்னால் எட்டிப் பார்த்தார். "எடுத்துடலாங்க" என்று சாமியாரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையிலும் சென்டருக்கு வந்தார். செருப்போடு நின்று ஐந்து விநாடி பார்த்தார்.

நான் அடுத்த வருடம் புரோகிராம் எழுதுகிற வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்துவிட்டேன். இருபதாயிரம் வரியெல்லாம் ஒன்றுமே இல்லாத இடம் இது. இரண்டு விரல் தப்பை என் கீழே வேலை பார்க்கும் பையன்கள் செய்யும்போது நான் அளவுக்கு மீறிக் கத்துகிறேன் என்று ஒரு பெயர் இருக்கிறது. ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் நவம்பர் மூன்றாம் தேதி காலை ஆபீஸில் போன் வந்தது.

"தம்பி, நான்தான்."

ஊர்க் குரலாக இருந்தது. தம்பி என்றதால் யார் என்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். "சொல்லுங்கக்கா."

"மொத வரிய வுட்டுட்டு ரெண்டாவது வரிலேருந்து தேடணும். அதுக்கு என்னா பண்ணணும்?"

"ஏங்க்கா, மொத வரில எதுனா தப்பா இருக்குதா?"

"தப்பு ஒண்ணும் இல்ல. நேத்து கல்லறைத் திருநாளு. செத்தவங்க பேரெல்லாம் எழுதி வாங்கிப் பூசையில படிப்பாங்க இல்ல? கோயில்பிள்ளைகிட்ட எழுதிக் குடுத்துட்டேன். அம்மா பேருக்குக் கீழ."

ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் வாய் கேட்டுவிட்டது. "எதுனா பொருந்துச்சாக்கா?"

"இல்ல. அம்மா சாவுக்கு வருவான்னு இருந்தேன். ஒரு வருஷம் கழிச்சுக்கூட வரலாம், பேப்பரு லேட்டாக் கெடச்சிருக்கும்னு இருந்தேன். போதும் தம்பி."

கத்தரிக்காயைக்கூடப் பக்கத்தில் ஒன்றை வைக்காமல் வாங்காத மனுஷி, பக்கத்தில் வைக்க ஒன்றுமே இல்லாமல் தம்பியின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அந்த வரிய அழிச்சிடலாமேக்கா, சுலபம்" என்றேன்.

"அழிக்க வேணாம். அது அங்கியே இருக்கட்டும். தாண்டிப் போனா போதும். மத்தவங்களுக்கு ஓடணும் இல்ல?"

"ஃபைல் தொறக்கற வரிக்குக் கீழ, லூப்புக்கு மேல, ஒரே ஒரு ரீட்லைன் சும்மா போடுங்க. அது மொத வரியப் படிச்சிட்டு ஒண்ணும் பண்ணாது. அதுக்கப்புறம் ரெண்டாவதுலேருந்து தேடும்."

"படிக்கும். தேடாது."

"ஆமாக்கா."

சாவிகள் தட்டுகிற சத்தம் கேட்டது. நிதானமாக அடித்தார், அடித்ததை ஒருமுறை வாய்க்குள் படித்தும் பார்த்தார். பிறகு சத்தம் நின்றது. ஐந்து விநாடி இருக்கும்.

"ரெண்டு, இல்லைன்னு வருது தம்பி" என்றார்.